இன்னொரு முதல் பிக் வேண்டாம்: பஃபலோ சேபர்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

2025 ஜூலை

மதிப்பிற்குரிய அணி உரிமையாளர் டெர்ரி பெகுலா, பொது மேலாளர் கெவின் ஆடம்ஸ் மற்றும் வீரர் தேர்வுக் குழுவினருக்கு,

2011இல் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் ஃபிலடெல்ஃபியாவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றதோடு சரி. அதற்குப் பிறகு 14 சீசன்கள் போய்விட்டன, பஃபலோவில் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட நடக்கவில்லை. என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) வரலாற்றில் இவ்வளவு நீண்ட வறட்சியைக் கண்ட அணி வேறு இல்லை. போன சீசனில் 79 புள்ளி. நடுவில் 13 ஆட்டம் தொடர்ச்சியாக ஒரு வெற்றிகூட இல்லை.

ரசிகர்கள் இப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி கடைசி இடத்துக்குப் போய், டிராஃப்டில் (பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை தந்து இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஒரு முதல் பிக்கை, அதாவது முதல் தேர்வு உரிமையைப் பிடித்துப் புதிதாகத் தொடங்கச் சொல்கிறது ஒரு கட்சி. கையிலுள்ள பிக்குகளையும் இளைஞர்களையும் விற்று முப்பது வயதுக்காரர்களை வாங்கி, எப்படியாவது பிளேஆஃபின் கடைசியான எட்டாவது இடத்தில் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறது இன்னொன்று. இரண்டும் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆள் எடுப்பதில் நீங்கள் அவ்வளவு மோசமில்லை. எடுத்த ஆள் பலன் தரும் வயதுக்கு வரும்போது அவரைக் கையில் வைத்திருப்பதில்லை, அங்கேதான் கோளாறு.

கணக்கைப் பாருங்கள். ரையன் ஓ'ரைலி 2018 ஜூலையில் செயின்ட் லூயிஸ் போனார். அடுத்த ஆண்டே கோப்பை, கூடவே பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது. சாம் ரைன்ஹார்ட் 2021இல் ஃப்ளோரிடா போனார். 2024 இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றி கோல் அவருடையது, 2025இல் மறுபடியும் கோப்பை. ஜாக் ஐக்கல் வேகஸ் போய் 2023இல் கோப்பை வாங்கினார், அந்த பிளேஆஃபில் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே. பிராண்டன் மாண்டூர் ஒரு மூன்றாம் சுற்று பிக்குக்குப் போனார், அவருக்கும் 2024 கோப்பை. லைனஸ் உல்மார்க் நீங்களே 2012இல் 163ஆவது பிக்கில் கண்டெடுத்த கோலி (கோல் காப்பாளர்). 2021இல் ஒப்பந்தம் முடிந்து பாஸ்டனுக்குப் போனார், பதிலுக்கு உங்களுக்கு ஒரு பிக் கூட வரவில்லை. 2023இல் சிறந்த கோலிக்கான வெசினா விருது. நாற்று இங்கே, அறுப்பு அங்கே.

பதிலுக்கு வந்தவர்கள் மட்டம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓ'ரைலிக்கு டேஜ் தாம்சன் வந்தார். ரைன்ஹார்டுக்கு டெவன் லீவையும் பிறகு யிரி குலிக்கை எடுக்க உதவிய பிக்கும் வந்தன. ஐக்கலுக்கு அலெக்ஸ் டக், பெய்டன் கிரெப்ஸ், நோவா ஆஸ்ட்லண்ட் ஆன பிக் எல்லாம் வந்தன. பட்டியலாகப் பார்த்தால் நஷ்டம் தெரியாது. நஷ்டம் கடிகாரத்தில் இருக்கிறது. 25 வயது ஆளைக் கொடுத்து 18 வயது பையன் ஆகப்போகும் பிக்கை வாங்கும் ஒவ்வொரு முறையும், அணி வெல்ல வேண்டிய ஆண்டு நாலைந்து ஆண்டு தள்ளிப்போகிறது. அந்தப் பையன் தேறி வருவதற்குள் மற்றவர்கள் ஒப்பந்தம் முடிந்து, பொறுமை முடிந்து கிளம்பிவிடுகிறார்கள். பிறகு அவர்களுக்கும் பிக் வாங்குகிறீர்கள். இந்த வட்டத்தைத்தான் உடைக்க வேண்டும்.

இனி, கடைசி இடத்துக்குப் போகச் சொல்பவர்களுக்கும் சேர்த்து ஒரு பக்கம்.

2015 மார்ச் 26. பஃபலோவும் அரிசோனாவும், லீகின் அடிமட்ட அணிகள் இரண்டும், உங்கள் சொந்த அரங்கில் மோதின. ஓவர்டைமில் அரிசோனாவின் சாம் காக்னர் கோல் அடித்தார். சொந்த அரங்கில் கைதட்டல். தோற்றால்தானே அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் பெயரான கானர் மெக்டேவிட் கிடைப்பார்! அதற்கு முந்தைய வாரங்களில், நன்றாக நின்றுகொண்டிருந்த யோனாஸ் என்ரோத்தும் மிகால் நோய்வியர்த்தும், இரண்டு கோலிகளுமே, அடுத்தடுத்து ட்ரேட் ஆகி வேறு அணிகளுக்குப் போயிருந்தார்கள். முடிவு எல்லாருக்கும் தெரியும். முதல் பிக்கைத் தீர்மானிக்கும் குலுக்கலில் (லாட்டரி) 20 சதவீத வாய்ப்போடு இருந்த பஃபலோவுக்கு இரண்டாவது பிக், 11.5 சதவீதத்தோடு இருந்த எட்மண்டனுக்கு மெக்டேவிட்.

அப்போதாவது ஒரே ஒரு குலுக்கல். கடைசி அணி இரண்டாம் இடத்துக்குக் கீழே போகாது. இப்போது முதல் இரண்டு இடங்களுக்கும் குலுக்கல். எந்திரத்தில் 14 பந்து, அதில் நான்கு விழும். அப்படி 1,001 சேர்க்கை வரும், ஒன்றைத் தள்ளிவிட்டு மீதி 1,000ஐ பிளேஆஃபுக்கு வராத 16 அணிகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். பத்து இடத்துக்கு மேல் யாரும் தாவ முடியாது என்ற விதியையும் சேர்த்துக் கூட்டினால், கடைசி அணிக்கு முதல் பிக் கிடைக்க 25.5 சதவீதம்தான் வாய்ப்பு. மூன்றாம் இடம்வரை சரியலாம். 2022 முதல் 2025 வரை நடந்த நான்கு குலுக்கலில் கடைசி அணி முதல் பிக்கைப் பிடித்தது இரண்டே முறை. 2023இல் சிகாகோ மூன்றாவது கடைசியிலிருந்து வந்து பெடார்டை எடுத்தது. இந்த ஆண்டு நியூயார்க் ஐலண்டர்ஸ் பத்தாம் இடத்திலிருந்து, 3.5 சதவீத வாய்ப்பில் தாவியது.

பஃபலோவுக்கு லாட்டரி ஒன்றும் துரோகம் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014, 2015, 2018, 2021 என எட்டு சீசனில் நான்கு முறை கடைசி இடம். கிடைத்தவை ரைன்ஹார்ட், ஐக்கல், டாலின், பவர்: இரண்டு முதல் பிக், இரண்டு இரண்டாவது பிக். இதற்கு மேல் ஒரு அணி டிராஃப்டில் என்ன கேட்க முடியும்? அந்த நால்வரில் ஒருவரும் இன்றுவரை சேபர்ஸ் சட்டையில் ஒரு பிளேஆஃப் ஆட்டம் ஆடியதில்லை. ஐந்தாவது ஆள் வந்து எதை மாற்றப்போகிறார்?

டிராஃப்டின் உண்மையான லாபம் மேல்தட்டில் இல்லை. 2017இல் டாலஸ் மூன்றாவது பிக்கில் ஹைஸ்கனன், 26இல் கோலி ஆட்டிங்கர், 39இல் ஜேசன் ராபர்ட்சன் என்று ஒரே வாரக் கடைசியில் ஒரு அணியின் முதுகெலும்பையே எடுத்தது. டாம்பாவின் குச்சரோவ் 58, பிரேடன் பாயிண்ட் 79. மான்ட்ரியாலின் லேன் ஹட்சன் 2022இல் 62ஆவது. குள்ளம் என்று எல்லாரும் ஒதுக்கிய டிஃபென்ஸ்மேன் இந்த சீசனில் 66 புள்ளி எடுத்து ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார், அணி பிளேஆஃபுக்கும் போனது. இப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க வீடியோ மட்டும் போதாது. பக் (ஆடும் ரப்பர் தட்டு) இல்லாதபோது பையன் எங்கே பார்க்கிறான், தவறு செய்த பிறகு அடுத்து பனியில் இறங்கும் ஷிஃப்டில் என்ன செய்கிறான் என்பது கேமரா ஓரத்துக்கு வெளியே நடப்பது. 2020 ஜூனில் இருபதுக்கும் மேற்பட்ட பணியாளர்களை, பெரும்பாலும் ஸ்கவுட்டுகளை (இளம் வீரர்களைத் தேடிக் கணிப்பவர்கள்), ஒரே நாளில் அனுப்பினீர்கள். பிற்பாடு கொஞ்சம் நிரப்பினீர்கள் என்பது தெரியும். முதலில் முழுதாக நிரப்புங்கள். ஒரு நான்காம் வரிசை ஃபார்வர்டின் சம்பளத்தில் ஒரு ஸ்கவுட்டிங் குழுவே நடத்தலாம், அதுவும் வீரர் சம்பளத்துக்கு லீக் விதிக்கும் உச்சவரம்புக் கணக்கில் வராத செலவு.

முதல் சுற்றில் அணிக்கு எந்த இடம் காலி என்று பார்த்து எடுக்காதீர்கள். 18 வயதுப் பையன் தேறி வர நாலு வருடம் ஆகும். அதற்குள் காலி இடம் வேறாகியிருக்கும். சமநிலையில் இருவர் நின்றால் மட்டும் சென்டருக்கும் (முன்வரிசையின் நடு ஆட்டக்காரர்) வலது கை டிஃபென்ஸ்மேனுக்கும் முன்னுரிமை, ஏனென்றால் அந்த இரண்டும் சந்தையில் விலைக்குக் கிடைப்பதில்லை. 2024இல் 11ஆவது பிக்கைக் கொடுத்து 14ஐயும் 42ஐயும் வாங்கியது நல்ல கணக்கு. முதல் பத்து தாண்டினால் மூன்று இடம் இறங்குவதில் இழப்பு சிறிது. கூடுதல் இரண்டாம் சுற்று பிக் பெரிது.

ஆனால் எடுத்த பிறகு? அதைக் கொஞ்சம் ஆற அமரப் பேச வேண்டும்.

கன்றுக்குட்டியை வண்டியில் பூட்டும் பழக்கம் இங்கே பழையது. கேசி மிட்டல்ஸ்டட், டிலன் கசன்ஸ் போன்றவர்கள் அணி பலவீனமாக இருந்ததாலேயே சீக்கிரம் மேலே வந்தார்கள். இளம் சென்டரை என்எச்எலில் போட்டால் ஃபேஸ்ஆஃபில் (நடுவர் போடும் பக்குக்கு இருவர் மோதுவது) தோற்பார், பக் இல்லாமல் துரத்துவார், பயத்தில் பாதுகாப்பான பாஸ் மட்டும் போடப் பழகுவார். அந்தப் பழக்கம் 24 வயதிலும் போகாது. என்எச்எலுக்கு அடுத்த நிலையான ஏஎச்எலில் ஆடும் உங்கள் ராச்சஸ்டர் அமெரிக்கன்ஸ் அணி இதற்குத்தான் இருக்கிறது. ஜாக் குவின் 2021-22இல் அங்கே ஆடி ஏஎச்எலின் சிறந்த புதுமுகம் ஆனார்; யான்-யாகப் பீட்டர்காவும் அதே ஆண்டு, அதே இடம். போன சீசனில் அவர் 27 கோல் அடித்தது அந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

இப்போது 9ஆவது பிக்கில் ராடிம் மர்ட்கா வந்திருக்கிறார். ஆறடி ஆறங்குலம், வலது கை, சந்தையில் கிடைக்காத சரக்கு. 18, 19 வயதில் கையெழுத்திட்டவர் சீசனில் பத்து என்எச்எல் ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அவருடைய மூன்றாண்டுத் தொடக்க ஒப்பந்தம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். பத்தாவது ஆட்டத்தில் பனியில் இறங்கிய நிமிடம் ஒரு மலிவான ஆண்டு எரிந்துபோகும். அந்த ஆண்டை 18 வயதில் மூன்றாம் ஜோடியில் 12 நிமிடம் ஆடி எரிப்பதா, 22 வயதில் 22 நிமிடம் ஆடும்போது வைத்துக்கொள்வதா என்பதே கேள்வி. அக்டோபரில் யாராவது காயப்படுவார்கள், பயிற்சியாளர் பையனைக் கேட்பார். அப்போது சொல்வதற்கு ஒரு 'முடியாது' இப்போதே தயாராக இருக்க வேண்டும்.

பொறுமை பலிக்கும் என்பதற்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டாம். தாம்சன் 2020-21இல் எட்டு கோல். பலர் அவரைக் கைகழுவச் சொன்னார்கள். டான் கிரனாட்டோ அவரை ஓரத்து விங்கிலிருந்து சென்டருக்கு நகர்த்தினார். அடுத்த சீசன் 38, அதற்கடுத்து 47, போன சீசன் 44. அதே கண்ணோடு மற்ற இளைஞர்களையும் பாருங்கள்.

கோலி விஷயத்தில் நீங்கள் செய்தது வேறு தவறு. லீவை 2023 வசந்தத்தில் கல்லூரியிலிருந்து நேராக வந்தார். அந்த இலையுதிர் காலத்திலேயே முதல் கோலி பொறுப்பு. சில வாரங்களில் ராச்சஸ்டருக்கு இறக்க வேண்டி வந்தது. 2022-23இல் 91 புள்ளி எடுத்து, ஒரே புள்ளியில் ஃப்ளோரிடாவிடம் பிளேஆஃப் இடத்தை இழந்த அணிக்கு, நடுத்தரமான அனுபவக் கோலி ஒருவர் இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. இப்போது உக்கோ-பெக்கா லுக்கோனனுக்கு ஆண்டுக்கு 47.5 லட்சம் டாலர். போன சீசன் தடுப்பு விகிதம் .887 (1,000 ஷாட்டுக்கு 887 தடுப்பு). அவரை விற்கச் சொல்லவில்லை. பக்கத்தில் 30 ஆட்டம் நம்பித் தரக்கூடிய ஒருவரை வையுங்கள். டிராஃப்டில் கோலிக்கு முதல் சுற்றைச் செலவிடாதீர்கள்; ஷெஸ்டெர்கின் 118, ஹெல்பக் 130. ஆண்டுக்கு ஒரு கோலியை நடுச் சுற்றுகளில் எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் வழி. ஐந்தில் ஒன்று தேறினாலே பெரிது.

பணம். உச்சவரம்பு 2025-26இல் 9.55 கோடி டாலர், அடுத்து 10.4 கோடி, 2027-28இல் 11.35 கோடி. டாலின் 1.1 கோடி, பவர் 83.5 லட்சம், தாம்சன் 71 லட்சத்துச் சொச்சம், மூன்றும் நீண்ட ஒப்பந்தம். வரம்பு ஏற ஏற இவை தானாகவே மலிவாகும். ஆகவே இந்த மூவர் இருக்கும் அணியைக் கலைப்பது கட்டி முடிக்கப்போகும் வீட்டின் கூரையைப் பிரிப்பது போல. பிறர் சம்பளச் சுமையை வாங்கி பிக் சம்பாதிக்கும் வித்தையும் இனி சுருங்கும். 2019இல் பேட்ரிக் மார்லோ என்ற வீரரின் ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டதற்காக டொராண்டோவிடமிருந்து கரோலைனாவுக்கு ஒரு முதல் சுற்று பிக் வந்தது. அதில் எடுத்தவரே சேத் ஜார்விஸ். வரம்பு உயர்ந்தால் அப்படி நெருக்கடியில் தவிக்கும் அணிகள் குறையும். செய்வதென்றால் இந்த ஒன்றிரண்டு ஆண்டுக்குள்.

பீட்டர்காவை யூட்டாவுக்கு அனுப்பி கெசல்ரிங்கையும் ஜாஷ் டோனையும் வாங்கியது எங்களில் பாதிப்பேருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம்: 25, 23 வயதுக்காரர்கள் வந்தார்கள், பிக் வரவில்லை, கடிகாரம் பின்னால் போகவில்லை. சவோயியைக் கொடுத்து ரையன் மக்லௌடை வாங்கியதும் இதே ரகம், அவர் முதல் சீசனிலேயே 53 புள்ளி.

பஃபலோவில் பனைமரம் இல்லை, வரி அதிகம், அதனால் ஆட்கள் வருவதில்லை என்ற பேச்சு மட்டும் இனி வேண்டாம். வின்னிபெக்கில் எந்தப் பனைமரம் நிற்கிறது? போன சீசனில் லீகிலேயே அதிகப் புள்ளி அவர்களுக்குத்தான்.

கடைசியாக அலெக்ஸ் டக். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரே சீசன், 47.5 லட்சம். இந்த ஊருக்கு வர ஆசைப்பட்டவர், சிறு வயதிலிருந்தே சேபர்ஸ் ரசிகர். அவர் கேட்கும் தொகையையும் நீங்கள் தரக்கூடிய தொகையையும் பயிற்சி முகாம் தொடங்கும் முன் ஒரே மேசையில் வைத்துப் பேசி முடியுங்கள். மார்ச் ட்ரேட் கெடு வரை இழுத்து, அன்று மாலை ஒரு முதல் சுற்று பிக்கோடு வந்து எங்கள் முன் நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
நயாகரா ஆற்றின் இரு கரையிலும் இருந்து சேபர்ஸைத் தொடரும் தமிழ் ரசிகர்கள் சிலர்