மசராட்டியின் மூக்கு

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த ஒரு வரியை எட்டு மாசத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். உன் கடிதம் மேஜை இழுப்பறையில் எல்லாவற்றுக்கும் மேலாகக் கிடக்கிறது. திறக்கும்போதெல்லாம் அது என்னை முறைக்கும், நான் சட்டென்று மூடிவிடுவேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். ஆனால் கடைசிவரை படித்துவிட்டு மொத்தமாகத் திட்டு. பதில் போடாததைவிடப் பெரிய குற்றம் ஒன்று இதில் இருக்கிறது.

உன் மசராட்டி செத்துக்கொண்டிருக்கிறது.

நான் கீழே போடவில்லை, சத்தியமாக. "ஆறு மாசம்தான்டா, பத்திரமாகப் பார்த்துக்கோ" என்று நீ விட்டுப்போன பெட்டி என்னிடம் ஆறு வருஷமாக இருக்கிறது (இதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் என் மௌனத்தைப் பற்றிக் கேட்காதே). பெட்டியிலேயே கிடக்கட்டும் என்று விட மனசு வராமல் உன் 11 பொம்மைக் கார்களில் 10 கார்களை எடுத்து என் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அந்தப் பதினோராவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வெயில் படாத மூலை, கண்ணாடிக் கதவு, மாசம் ஒருமுறை மென்தூரிகையால் தூசி தட்டல். என் கார்களுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

போன மாசம் தட்டும்போது உன் மசராட்டி 250எஃப்-இன் மூக்கில் ஒரு முடி ஒட்டியிருந்தது. தூரிகையால் தள்ளினேன், போகவில்லை. ஊதினேன், போகவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் முடியில்லை, விரிசல். அதைச் சுற்றிலும் சிவப்புப் பெயிண்டில் வேர்க்குரு மாதிரிப் பொடிப்பொடியாகக் கொப்புளம்.

உடனே என் புத்தி எங்கே போயிருக்கும் என்று நீயே சொல்லிவிடுவாய். மெக்கானிக்கை, அதாவது என் மகளைக் கூப்பிட்டேன். லோட்டஸின் பின்இறக்கை விவகாரத்துக்குப் பிறகு வீட்டில் எந்தக் கார் நொண்டினாலும் அவள்தான் முதல் சந்தேக நபர். "தொட்டாயா?" "இல்லை." "எடுத்தாயா?" "இல்லைப்பா." "பின்னே இது தானாகவா உடையும்?" என்று குரலை உயர்த்திவிட்டேன். அவள் அழவில்லை. "தொட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த பத்து நாள் அலமாரிப் பக்கமே வரவில்லை. அந்தப் பத்து நாளும் கதவு பூட்டித்தான் இருந்தது, சாவி என் சட்டைப்பையில். பதினோராம் நாள் திறந்தால் விரிசல் காக்பிட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அடித்தகடு வில்லாக வளைந்திருக்கிறது. முன்சக்கரம் ஒன்று தரையைத் தொடவே இல்லை.

தானாகத்தான் உடைகிறது.

உனக்கு ஞாபகம் இருக்கும். வாத்தியார் ஒருநாள் உலகப் போருக்கு முந்தைய டிங்கி கம்பெனி பொம்மைக் கார் ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து பிரித்துக் காட்டினாரே. காரா அது? நாலு சக்கரம், ஒரு கைப்பிடி சாம்பல்நிறப் பொடி. "இதுக்கு வைத்தியம் கிடையாதுடா" என்றார். நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அதே நோய்தான் இது. ஜிங்க் பெஸ்ட் என்கிறார்கள். துத்தநாகப் பிணி.

ஒரு மாசமாக எனக்கு வேறு வேலையே இல்லை, இதைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். அச்சில் உலோகம் வார்த்துச் செய்த நம் டைகாஸ்ட் கார்களெல்லாம் வெறும் துத்தநாகம் இல்லை, ஜமாக் என்ற கலவை. அந்தப் பெயரே துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கட்டியது. நூற்றுக்கு நாலு பங்கு அலுமினியம், மக்னீசியம் சிட்டிகை அளவு, மிச்சம் பெரும்பாலும் துத்தநாகம். இதில் ஈயம் கலந்துவிடக் கூடாது. வார்ப்படத்தில் யாரோ பழைய குழாயையோ பற்றவைப்பு ஈயத்தையோ உலையில் போட்டிருந்தால் போதும், நூற்றில் ஒரு பங்கைவிட எவ்வளவோ குறைவான அளவே போதும், கதை முடிந்தது. அந்த ஈயம் உலோகப் படிகங்களின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரப்பதம் மெல்ல உள்ளே நுழைந்து அந்த இடுக்கு வழியாக அரிக்கும். அரித்த இடம் உப்பும், உப்பினால் விரியும், விரிந்தால் இன்னும் ஈரம் நுழையும். பத்து வருஷமும் ஆகலாம், ஐம்பது வருஷமும் ஆகலாம். மேலே பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும்.

இது தெரிவதற்கு முன்னால் நான் அடித்த கூத்தையும் கேள். மசராட்டியைத் தனி டப்பாவில் அடைத்து வேறு அறையில் வைத்தேன். பக்கத்தில் நின்ற வேன்வாலையும் லோட்டஸ் 25-ஐயும் தள்ளித் தள்ளி வைத்தேன். காரைத் தொட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வாத்தியாரிடம் போனில் சொன்னபோது மனுஷன் இருமல் வரும்வரை சிரித்தார். "இது ஒட்டுவாரொட்டி இல்லைடா மடையா, பிறவிக் கோளாறு" என்றார். ஒரு காரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதாம். ஆனால் ஒரே உலையில், ஒரே நாளில் வார்த்த கார்களுக்கெல்லாம் ஒரே ஜாதகம். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் போனது. இப்போது ராத்திரி டார்ச் அடித்து 140 கார்களின் வயிற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். வீட்டில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்காதே.

நீ ரெசின் என்கிற பிசினில் வார்த்த கார்களைக் கிண்டல் பண்ணுவாயே, "கையில் எடுத்தால் சோப்பு டப்பா மாதிரி இருக்கு" என்று. அந்தக் கட்சிக்காரர்கள் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வெயில் காலத்தில் அவர்கள் கார் நெளியும்போது நான் சிரித்துக்கொள்கிறேன். திறக்காத பானெட்டை வைத்துக்கொண்டு அவர்களுக்கு என்ன பேச்சு? ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் கார் பொடியாவதில்லை.

மற்ற எந்தக் காராக இருந்தாலும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஆனால் மசராட்டி! பள்ளி மைதானத்தில் அன்று உன் கையில் இருந்தது இதே கார்தான். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடம் ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர், நம் கார்கள் நிஜக் காரில் 43-இல் ஒரு பங்கு, அதனால் அதை 43-ஆல் வகுத்தால் 530 மீட்டர், ஆகவே மைதானத்தை ஒன்றேகால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே ஓடினால் ஒரு சுற்று என்று கணக்குப் போட்டது நீ. கணக்குப் பரீட்சையில் எடுத்த மார்க்கை நான் இங்கே சொல்லவில்லை. 43 என்ற விசித்திர எண்ணே ரயில் பொம்மைக்காரர்கள் ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று வைத்த கணக்கிலிருந்து வந்தது என்பது அப்போது நம் இருவருக்கும் தெரியாது. நிஜ மசராட்டியை அங்கே ஓட்டிய பந்தய வீரர் ஃபாஞ்சியோ மாதிரி 22 சுற்று ஓடப் போகிறேன் என்று கிளம்பினாய். இரண்டாவது திருப்பத்திலேயே குப்புற விழுந்தாய். கண்ணாடி உடைந்தது, பெயர் நிலைத்தது. காருக்கு வால் பக்கம் ஒரு சிராய்ப்பு. அது இன்னும் அப்படியே இருக்கிறது. விரிசல் அங்கிருந்து தொடங்கவில்லை, அந்த இடம் இன்றும் கல்லு மாதிரி இருக்கிறது. அந்த வகையில் உன் மேல் குற்றமில்லை.

அந்த ராத்திரிகளில் டார்ச்சும் கையுமாக உட்கார்ந்து ஃபாஞ்சியோவின் அந்த நூர்பர்க்ரிங் பந்தயத்தை, 1957 ஆகஸ்ட் 4-ஐ, எனக்கு நானே திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். பாதி டாங்க் பெட்ரோலோடு கிளம்பி, முன்னேறி, நடுவில் பெட்ரோல் போடவும் சக்கரம் மாற்றவும் பிட்டுக்கு வருவது என்று திட்டம். வந்தார். சக்கரம் மாற்றுவதில் நேரம் போய், வெளியே வரும்போது ஹாதார்னும் கொலின்ஸும் ஃபெராரிகளில் முக்கால் நிமிஷத்துக்கும் மேல் முன்னால். அதற்கப்புறம் சுற்றுக்குச் சுற்று சாதனையை உடைத்துக்கொண்டே வந்தார். முந்தைய வருஷம் அவரே வைத்திருந்த சாதனை 9 நிமிஷம் 41.6 விநாடி. இருபதாவது சுற்றில் 9 நிமிஷம் 17.4. இருபத்தோராவதில் இரண்டு பேரையும் தாண்டி, 3.6 விநாடியில் ஜெயித்தார். 46 வயசு. ஐந்தாவது உலகப் பட்டம். உலகப் பட்டத்துக்கான கிராண்ட் ப்ரீயில் அதற்குப் பிறகு அவர் ஜெயிக்கவே இல்லை. இதை நீ சொல்லும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தோளைச் சாய்ப்பாயே, அதை மெக்கானிக்குக்குச் செய்து காட்டினேன். எனக்கு வரவில்லை.

மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பாய். கேட்டேன். "சரி" என்றாள், அவ்வளவுதான். மறுநாள் காகிதத் துண்டு ஒன்றை விரிசல் ஓரமாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது வாராவாரம் அளக்கிறாள். மெக்கானிக் டாக்டராகிவிட்டாள். நோயாளியைத் தொட எனக்கு அனுமதி இல்லை.

சரி, அந்தப் பதினோராவது கார். பெட்டியின் அடியில், வேறு எதையும் சுற்றாத அளவுக்கு இரண்டு மடிப்புக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாய். மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர், எண் 20. வாங்கியதாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ஏன்?

என் அலமாரியில் அதே வகைக் கார், எண் 722 நிற்கிறது, உனக்குத் தெரியும். 1955 மே 1, மில்லே மில்யா என்ற இத்தாலியச் சாலைப் பந்தயம். காலை 7.22-க்குக் கிளம்பியதால் அந்த எண். பக்கத்து இருக்கையில் ஜென்கின்சன் சுருள் காகிதத்தை உருட்டி உருட்டி வளைவுகளைச் சைகையில் சொல்ல, மோஸ் 10 மணி 7 நிமிஷம் 48 விநாடியில் இத்தாலியைச் சுற்றி வந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் காட்டுவது அதைத்தான். ஆறு வாரம் கழித்து ஜூன் 11, பிரான்சில் லெ மான் பந்தயம். அதே வகைக் கார், எண் 20, ஓட்டியவர் பியர் லெவெக். முன்னால் போன ஆஸ்டின்-ஹீலியில் ஏறிப் பறந்து கூட்டத்துக்குள் விழுந்தது. அவரோடு சேர்த்து 80 பேருக்கு மேல் செத்தார்கள். உடல்தகடு மக்னீசியக் கலவை என்பதால் வெள்ளை நெருப்பாக எரிந்தது. ஜமாக்கை அரிப்பிலிருந்து காப்பதற்கு ஒரு சிட்டிகை போடுகிறார்களே, அதே மக்னீசியம். இதைப் படித்த ராத்திரி புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு நாள் அதை எடுத்து 722 பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓட்டுநருக்குப் பின்னால் அந்தக் காற்றுத் தடுப்பு பிரேக் மட்டும் கூடுதல். மற்றபடி அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. மெக்கானிக் வந்து பார்த்து, "இது எந்தப் பந்தயத்தில் ஜெயிச்சது?" என்றாள். பதில் சொல்லாமல் மறுபடி காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். அதை வெளியே வைப்பதும் சரியாகப் படவில்லை, ஒளித்து வைப்பதும் சரியாகப் படவில்லை. நீ வாங்கியது எதற்கு என்று தெரிந்தால் எங்கே வைப்பதென்று தெரியும். விளையாட்டாகக் கேட்கவில்லை, எழுது.

உன்னைச் சிரிக்கவைக்க ஒன்று. வாத்தியாரின் சுரண்டல் கதை இருக்கிறதே, 1934-இல் மெர்சிடிஸ் பந்தயக் கார் 750 கிலோ எடை வரம்புக்கு ஒரு கிலோ கூட நின்றது, ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டினார்கள், வெள்ளி அம்பு என்ற பெயர் பிறந்தது என்று நூறு தடவை சொன்னாரே. அந்தப் பந்தயம் 750 கிலோ விதிப்படி நடக்கவே இல்லையாம்! மெர்சிடிஸ் பந்தய அணியின் மேலாளர் நாய்பவுர் பிற்காலத்தில் எழுதிய கதை அது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். வாத்தியாரிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம், "சுரண்டாமலா வெள்ளியாச்சு?" என்று போனை வைத்துவிட்டார். அடுத்த வாரம் வேறு யாரிடமோ அதே கதையைச் சொன்னாராம், இந்தத் தடவை இரண்டு கிலோ.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். மசராட்டிக்குச் செய்யக்கூடியது அதிகம் இல்லை. ஈரமில்லாத இடம், சூடு ஏறி இறங்காத இடம், யாரும் அசைக்காமல் இருப்பது. மெழுகு பூசினால் நிற்கும், பசை விட்டால் நிற்கும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை, உன் காரில் பரீட்சை பார்க்கவும் மாட்டேன். தபாலில் அனுப்பலாமா என்று யோசித்தேன். மூட்டையைப் பிரிக்கும்போது உன் முகத்துக்கு நேரே சாம்பல் பறக்கும், வேண்டாம். அதே மாதிரி வேறொன்று தேடி வாங்கி வைத்துவிட்டு உன்னிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். வாலில் சிராய்ப்பு வேண்டுமே, அதற்கு யார் விழுவது?

டாக்டரின் போன வாரக் கணக்குப்படி விரிசல் மூக்கைச் சுற்றி வந்து முக்கால்வாசி வட்டம் போட்டுவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தால் மூக்கு லேசாகத் தொங்குகிறது. வருவதாக இருந்தால் சீக்கிரம் வா. கண்ணாடியை மறக்காமல் போட்டுக்கொண்டு வா.

உன்,
ஓட்டைவாய்