அட்டவணையின் நடுக்கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த மேற்கத்திய இசை அட்டவணையில் ராக் வகைகள் இடப்பக்கம், கன்ட்ரி வகைகள் வலப்பக்கம், நடுவே ஒரு கோடு. ஆண்டுகளில் பெரிய பிழை இல்லை. அந்தக் கோடுதான் பிழை. அதை நம்பிக் கேட்கப் புகுந்தால் இரு பக்கத்திலும் எந்த வகையும் பிடிபடாது.

கோட்டைப் போட்டவர்கள் பாடியவர்கள் அல்ல, இசைத்தட்டு விற்றவர்கள். 1920களில் அமெரிக்கத் தெற்கில் பதிவான பாடல்களைக் கறுப்பின மக்களுக்கு ‘ரேஸ்’, வெள்ளையருக்கு ‘ஹில்பில்லி’ என்று தனித்தனிப் பட்டியல் போட்டு விற்றார்கள். 1949இல் இசை விற்பனைப் பட்டியல் போடும் பில்போர்டு பத்திரிகை ‘ரேஸ்’ என்பதை ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றியது. மறுபக்கம் ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ ஆனது. பெயர்தான் மாறியது. இசையோ தொடக்கத்திலிருந்தே கலந்து கிடந்தது. கன்ட்ரியின் அடையாளமான தந்திக் கருவி பேஞ்சோவின் மூதாதை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1927இல் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் முதன்முதலாகப் பதிவான ஜிம்மி ராட்ஜர்ஸைக் கன்ட்ரியின் தந்தை என்கிறார்கள். அவர் பாடியதில் கணிசமான பகுதி கறுப்பின மக்களின் ப்ளூஸ். 1930இல் அவருடைய ஒரு பதிவில் டிரம்பெட் ஊதியவர் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்.

ராக்கபில்லியை உங்கள் அட்டவணை ராக் பக்கம் வைத்திருக்கிறது. 1954இல் மெம்ஃபிஸின் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் பிரெஸ்லி பதிவுசெய்த முதல் வணிகத் தட்டின் ஒரு பக்கம் கறுப்பினப் பாடகர் ஆர்தர் க்ரூடப்பின் ப்ளூஸ். மறுபக்கம் பில் மன்றோவின் ப்ளூகிராஸ் (பேஞ்சோ, மாண்டலின் வைத்து வாசிக்கும் கன்ட்ரி வகை) பாட்டு, மூன்றடி வால்ட்ஸிலிருந்து நாலடிக்கு மாற்றப்பட்டது. வாசித்தவர்கள் மூன்றே பேர், டிரம்ஸே கிடையாது. பில் பிளாக் டபுள் பாஸின் தந்தியை இழுத்து மரத்தில் அறையவிடுகிறார்; டிரம்ஸ் செய்ய வேண்டிய வேலையை அந்த ‘டக்’ ஒலி செய்துவிடுகிறது. குரலைத் தொடரும் குறும் எதிரொலி, இரண்டாவது டேப் இயந்திரத்தில் பதியும் முனைக்கும் திருப்பி வாசிக்கும் முனைக்கும் இடையிலுள்ள சிறு கால இடைவெளியால் வருவது. இந்த இரண்டும் காதில் விழுந்தால் அது ராக்கபில்லி. இதை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

புதிதாகக் கேட்பவர்கள் ஆண்டைப் பார்க்க வேண்டாம், முதலில் டிரம்ஸைத் தேடட்டும். கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடை நெடுங்காலம் டிரம்ஸை ஏற்கவில்லை. ஸ்னேர் (சிறு டிரம்) ஒலி வேண்டுமென்று கன்ட்ரிப் பாடகர் ஜானி கேஷ் கிட்டார் தந்திகளுக்கிடையே காகிதம் செருகி வாசித்தார். ப்ளூகிராஸில் இரண்டாம், நான்காம் அடிகளை மாண்டலினின் வெட்டு கொடுக்கும். பேஞ்சோ மூன்று விரலில் இடைவிடாமல் உருண்டுகொண்டிருக்கும். வெஸ்டர்ன் ஸ்விங்கில் டிரம்ஸ் உண்டு, அது நடன அரங்குக்கான இசை. ஹாங்கி-டாங்க் மதுக்கடை இசை. அங்கே இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும், ஆகவே எலெக்ட்ரிக் கிட்டார், தந்தி மேல் உலோகத் துண்டைச் சறுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார், நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் வயலினான ஃபிடில்.

அதிகம் குழம்புவது அடுத்த கட்டத்தில். ‘1960களின் கன்ட்ரி’ என்று உங்கள் அட்டவணை ஒரே பெட்டியில் அடைத்திருக்கும் நாஷ்வில் சவுண்டும் பேக்கர்ஸ்ஃபீல்டு சவுண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ராக் அண்ட் ரோல் சந்தையை வளைத்துக்கொண்டபோது செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் ஃபிடிலையும் ஸ்டீலையும் ஒதுக்கி, வயலின் குழுவையும் பின்னணிக் குரல்களையும் கொண்டுவந்தார்கள். பாட்சி க்ளைன் குரலுக்குப் பின்னால் கேட்கும் வழவழப்பு அதுதான். கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பக் ஓவன்ஸும் மெர்ல் ஹேகர்டும் நேர்மாறாகப் போனார்கள்: டெலிகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரின் கூர்மை, வெளிப்படையான டிரம்ஸ், ஸ்டீல் முன்னணியில். வயலின் குழு கேட்டால் ஒன்று, கிட்டார் காதைக் குத்தினால் மற்றொன்று.

ராக் பக்கம் டிரம்ஸைவிட கிட்டாரின் கரகரப்புதான் நல்ல அடையாளம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கரகரப்பின் ஒரு முக்கிய ஊற்று கன்ட்ரி ஸ்டுடியோவில் இருக்கிறது. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றுக்கு நாஷ்வில்லில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பாஸ் வாசித்தபோது மிக்ஸிங் டெஸ்கின் பழுதான ஒரு பகுதி ஒலியைச் சிதைத்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த ஒலியைப் பெட்டியில் அடைத்ததுதான் 1962இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற கருவி. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அதை உலகம் முழுக்கக் கேட்க வைத்தார்கள்.

கரகரப்பு கூடினால் முழு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) கொழகொழத்துவிடும், மூன்றாம் சுரம் மற்றவற்றோடு மோதும். மூலசுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் இருந்தால் விகிதம் 2:3. அவற்றின் வேறுபாட்டு அதிர்வெண் மூலசுரத்துக்கு ஓர் ஆக்டேவ் கீழே விழுகிறது. இரண்டே சுரம் உள்ள பவர் கார்டுக்கு அவ்வளவு கனம் வருவது இதனால்தான். ஹார்டு ராக், பங்க், மெட்டல் மூன்றும் இதன் மேல்தான் நிற்கின்றன. மெட்டல் குழு பிளாக் சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி ஆலை விபத்தில் இரு விரல் நுனிகளை இழந்தவர். தந்தியை அழுத்துவது எளிதாக இருக்க சுருதியைக் குறைத்தார். 1971 ஆல்பத்தில் சில பாடல்கள் ஒன்றரை டோன் கீழே போயின, மெட்டலின் இருள் நிறம் கெட்டியானது.

பங்க்கையும் மெட்டலின் வேகமான வகையான த்ராஷையும் வேகத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் ஏமாறுவீர்கள். பங்க் குழு ராமோன்ஸின் முதல் ஆல்பத்தில் (1976) 14 பாட்டும் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகாது. தந்தி அமுக்கப்படாமல் திறந்து ஒலிக்கும், தனி கிட்டார் வாசிப்பு கிட்டத்தட்ட இல்லை. த்ராஷ் அந்த வேகத்தை எடுத்துக்கொண்டது, ஆனால் உள்ளங்கையால் தந்தியை அமுக்கிய ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) நீண்ட சோலோவும் மெட்டலிலிருந்து வந்தவை. ராக்கின் இன்னொரு வகையான கிரஞ்சுக்கு அடக்கமான சரணமும் வெடிக்கும் பல்லவியும் போதும்.

‘1991இல் கன்ட்ரி திடீர் எழுச்சி’ என்ற வரிக்கு ஓர் அடிக்குறிப்பு தேவை. அந்த ஆண்டு மே வரை பில்போர்டின் ஆல்பப் பட்டியல் கடைக்காரர்கள் சொன்ன கணக்கை நம்பியிருந்தது. பிறகு சவுண்ட்ஸ்கேன் முறையில் பார்கோடு விற்பனை எண்ணப்பட்டது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் ஆல்பம் நேராக முதலிடத்தில் நுழைந்தது. கேட்டவர்கள் பெருகியதும் உண்மை, எண்ணும் முறை மாறியதும் உண்மை.

திருத்திப் போடுவதானால் கோட்டை எடுத்துவிட்டு குறுக்கே மூன்று இணைப்புகள் வரையுங்கள்: 1954 எல்விஸ், 1961 ஃபஸ், 1968இல் நாஷ்வில் போய்க் கன்ட்ரி ஆல்பம் ஒன்றுக்குப் பதிவுசெய்த ராக் குழு பேர்ட்ஸ். இன்னொன்று. ப்ளூகிராஸை ‘மின்சாரக் கருவிகளுக்கு முந்தைய நாட்டுப்புற இசை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பேஞ்சோவுடன் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து அந்த ஒலி முழுமையானது 1945 டிசம்பரில். எலெக்ட்ரிக் கிட்டார் 1932லேயே விற்பனைக்கு வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்