ஊக்கியை மூடியால் அளக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பயிர் வளர்ச்சி ஊக்கிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், "டேங்குக்கு ஒரு மூடி ஹார்மோன் கலந்து அடித்தால் போதும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உரம் சற்றுக் கூடக்குறைய விழுந்தால் பயிர் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஊக்கி அப்படியல்ல. அது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் வேலை செய்யும் பொருள். பாட்டிலில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்க்காமல் மூடியை எடுப்பது கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதுதான்.

தண்டை நீளச் செய்யும் ஜிப்ரலின் வகை ஊக்கியான ஜிப்ரலிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். 0.001 சதவீத திரவமாகவும் விற்கிறார்கள், 90 சதவீதத் தூளாகவும் விற்கிறார்கள். பெயர் ஒன்றுதான், வீரியத்தில் 90,000 மடங்கு வித்தியாசம். முன்னதற்கு எழுதிய அளவைப் பின்னதற்குக் கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கணக்கு கடினமானதல்ல. லேபிளில் உள்ள சதவீதத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் பாட்டிலின் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்) கிடைக்கும். நாப்தலீன் அசிட்டிக் அமிலம் என்ற ஊக்கி 4.5 சதவீதம் என்றால் 45,000 பிபிஎம். 10 லிட்டர் நீரில் 20 பிபிஎம் வேண்டுமானால், 20ஐ 10,000 மில்லியால் பெருக்கி 45,000ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 4.4 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று போதும், துல்லியமாக அளந்துவிடலாம்.

இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கொடிக்காய்கறிகளில் பெண் பூக்களைக் கூட்ட எத்தஃபான் (எத்திலீன் வாயுவை வெளியிடும் ஊக்கி) பரிந்துரைக்கும் பல குறிப்புகளில் "250 பிபிஎம், அதாவது 10 லிட்டருக்கு 2.5 மில்லி" என்று அச்சாகிறது. 39 சதவீத மருந்தில் 2.5 மில்லி எடுத்தால் மூலப்பொருள் 100 பிபிஎம்கூட வராது. உண்மையிலேயே 250 பிபிஎம் வேண்டுமென்றால் 6.4 மில்லி எடுக்க வேண்டும். அந்த 250 என்பது பாட்டில் மருந்தின் கணக்கா, மூலப்பொருளின் கணக்கா என்று எழுதுபவர் சொல்லியாக வேண்டும். சொல்லாதபோது குறைந்த அளவையே எடுத்துக்கொள்வது நல்லது. குறைந்தால் பலன் குறையும், அவ்வளவுதான். கூடினால் இலை மஞ்சளாகிக் கொட்டும், கொடி முடங்கும்.

அளவைப் போலவே பருவமும் முக்கியம். கட்டுரை இதைத் தொடவே இல்லை. எத்தஃபானை முதல் இரண்டு உண்மையிலைகள் (விதையிலைகளுக்குப் பின் வருபவை) விரிந்ததும் அடிக்க வேண்டும். வெள்ளரியிலும் பூசணியிலும் மொட்டு ஆணா பெண்ணா என்பது மிக இளம் பருவத்திலேயே முடிவாகிவிடுவதால், பூ எடுத்த பிறகு அடித்துப் பயனில்லை. தர்பூசணியில் இதன் விளைவு நேர்மாறானது, பெண் பூக்கள் குறையும். "எல்லாக் கொடிகளுக்கும்" என்று பொதுவாக எழுதிவிடுவது அதனால்தான் ஆபத்து. ஆப்பிளில் நாப்தலீன் அசிட்டிக் அமிலத்தைப் பூ முடிந்த சில வாரங்களில் தெளித்தால் பிஞ்சுகள் உதிரும், மிகுதியான காய்ப்பைக் கலைக்கவே அப்படித் தெளிக்கிறார்கள். அதே பொருளை, ஏறத்தாழ அதே அளவில், அறுவடைக்குச் சற்று முன் தெளித்தால் பழம் உதிராமல் நிற்கும். பிஞ்சு உதிர்வை நிறுத்த நினைத்துத் தவறான வாரத்தில் அடிப்பவர் தன் கையாலேயே பிஞ்சுகளை உதிர்க்கிறார்.

போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய தண்டுக்குச்சி, வேர் பிடிக்க வைப்பதைப் பற்றிக் கட்டுரை இரண்டே வரியில் முடித்துவிட்டது. வீட்டுத் தோட்டக்காரருக்கு ஊக்கி மிகவும் உதவுவது அங்கேதான் என்பது என் எண்ணம். வேர் விடத் தூண்டும் ஆக்சின் வகை ஊக்கியான இந்தோல் பியூட்டிரிக் அமிலத் தூளில் இளந்தண்டுக்கு 0.1 சதவீதம், அரைமுற்றலுக்கு 0.3, முற்றிய கட்டைக்கு 0.8 என்பது பொதுவான அளவு. பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் குச்சியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். கீழ்ப்பாதி இலைகளை எடுத்துவிட வேண்டும். தூளில் கொஞ்சத்தைத் தனித்தட்டில் கொட்டிக்கொண்டு அதில் தொட வேண்டும். ஈரக்குச்சியை டப்பாவுக்குள் விட்டால் மீதித் தூளும் கெட்டுப்போகும். அடியில் மெல்லிய பூச்சு இருந்தால் போதும், மிகுந்ததைத் தட்டிவிடுங்கள். மண்ணில் முதலில் ஒரு குச்சியால் துளை போட்டுவிட்டு நட வேண்டும். நேராகக் குத்தினால் தூள் மேலேயே வழித்துக்கொண்டு நின்றுவிடும்.

திரவமாகச் செய்பவர்கள் நேரடியாக நீரில் கரைக்கப் பார்த்துத் தோற்றுப்போகிறார்கள். இந்த அமிலம் நீரில் மிகச் சிறிதளவே கரையும். 100 மில்லிகிராமை 25 மில்லி எத்தனாலில் முழுவதும் கரைத்து, பிறகு 25 மில்லி நீர் சேர்த்தால் 2,000 பிபிஎம் கரைசல் தயார். குச்சியின் அடி ஒரு சென்டிமீட்டரை ஐந்து நொடி முக்கி, ஆல்கஹால் உலர்ந்ததும் நட வேண்டும். கூடுதல் நேரம் ஊறினால் அடி கருத்து அழுகும், அல்லது கட்டி போல வீங்கி வேரே வராமல் நிற்கும். மேல் மொட்டு வாரக்கணக்கில் விழிக்காமல் இருப்பதும் அளவு மிகுந்ததன் அடையாளம்தான்.

இளநீரில் ஊற வைக்கலாம் என்ற யோசனையும் கட்டுரையில் இருந்தது. இளநீரில் இருப்பது முக்கியமாகச் சைட்டோகைனின் என்ற வேறு வகை ஊக்கி. ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் தளிர் என்பதை 1957ஆம் ஆண்டே ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் திசுவில் காட்டிவிட்டார்கள். திசு வளர்ப்புக் கூடத்தில் இளநீருக்கு நல்ல பயன் உண்டு. வேர் விட வேண்டிய குச்சிக்கு அதை நம்ப வேண்டாம்.

ஜிப்ரலின் அளவு மிஞ்சினால் பயிர் எப்படி இருக்கும் என்பதை இயற்கையே காட்டியிருக்கிறது. ஒரு பூஞ்சை தாக்கிய நெல் நாற்றுகள் வெளிறி, மெலிந்து, மற்றவற்றைவிட நெடுநெடுவென வளர்ந்து சாய்வதைப் பார்த்து, அதற்குக் காரணம் பூஞ்சை சுரக்கும் பொருளே என்று 1926இல் ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா கண்டறிந்தார். அந்தப் பொருள்தான் ஜிப்ரலின். அடித்த பிறகு உங்கள் செடியும் அப்படி வெளிறி நீண்டால் "நன்றாக வளர்கிறது" என்று மகிழாதீர்கள். திராட்சையில் மிகையாக அடித்தால் அடுத்த பருவத்தின் காய்க்கும் மொட்டுகளும் குறையும். 10 லிட்டரில் 50 பிபிஎம் வேண்டுமானால் 90 சதவீதத் தூள் 0.56 கிராம் போதும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். முதலில் 20 மில்லி எத்தனாலில் கரைத்துவிட்டு நீரில் ஊற்றுங்கள். கலந்ததை அன்றே அடித்துவிட வேண்டும், நாளைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். எத்தஃபான் அமிலத்தன்மையில்தான் நிலையாக இருக்கும். காரத்தன்மையுள்ள கிணற்று நீரில் கலந்தால் டேங்கிலேயே சிதைந்து எத்திலீனாகக் காற்றில் போய்விடும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையோடு சேர்த்து அடிப்பதும் அதே காரணத்தால் வீண். கடும் வெயிலில் அடித்தால் எத்திலீன் ஒரேயடியாக வெளிப்பட்டு இலை கொட்டும். மூல மருந்து கடுமையான அமிலம், கண்ணில் பட்டால் பெருங்கேடு. ஊற்றும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

தெளிப்பானைப் பற்றியும் எழுதியாக வேண்டும். 2,4-டி ஓர் ஆக்சின்தான். சில பிபிஎம்மில் காய் பிடிக்க வைப்பதும், ஆயிரக்கணக்கில் அகல இலைக் களைகளைக் கொல்வதும் இதே பொருள். களைக்கொல்லி அடித்த டேங்கில் மிஞ்சிய துளியே தக்காளி, பருத்தி, திராட்சை இலைகளைச் சுருட்டிவிடும். ஊக்கிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே சரி. முடியாதவர்கள் நன்றாக அலசியபின் 10 லிட்டர் நீருக்கு 100 மில்லி வீட்டு அம்மோனியா ஊற்றி, குழாயிலும் நாசிலிலும் ஓடவிட்டு, இரவு முழுக்க வைத்திருந்து மீண்டும் அலச வேண்டும். அம்மோனியாவோடு பிளீச்சிங் பவுடர் எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது, நச்சு வாயு வரும்.

இனி ஊக்கி பற்றி எழுதும்போது மூலப்பொருளின் பெயர், சதவீதம், மில்லி அல்லது கிராம் அளவு, பயிரின் பருவம் ஆகிய நான்கையும் சேர்த்தே அச்சிடுங்கள். நான்கில் ஒன்று விடுபட்டாலும் அந்தப் பரிந்துரையை எழுதியவருக்கே திருப்பி அனுப்புங்கள். பூ உதிர்வதைத் தடுக்க ஊக்கி சொல்லும் கட்டுரை, நீர்ப்பற்றாக்குறையா, இரவு வெப்பமா, தழைச்சத்து மிகுதியா, போரான் குறைவா என்று முதலில் பார்க்கவும் சொல்லட்டும். இவற்றில் எதையும் பாட்டில் தீர்க்காது. மூடி அளவுக்கான திருத்தம் மட்டும் அடுத்த இதழிலேயே வர வேண்டும். கட்டுரையைப் படித்துவிட்டு டேங்கில் கலக்கத் தயாராக இருப்பவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தோட்டக்கலை வாசகர் ஒருவர்