பைக் பறக்கும் நேரத்தில் மேடையை நிறுத்தி வையுங்கள்: விழா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விழா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். பைக் தாவல் நடக்கும்போது பாட்டு மேடைகளை நிறுத்தி வையுங்கள் என்று ஆங்கிலத்தில் உங்களுக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிட்டேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது, அதோடு சரி. அதனால் இப்போது தமிழில், எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். தெற்குக் கலிபோர்னியாவில் உங்கள் விழாவுக்கு வருகிற தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், டிக்கெட் கவுன்ட்டரிலேயே ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார், யாராவது படித்துச் சொல்லட்டும். கோபத்தில் இருக்கும்போது எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஒழுங்காக வராது என்பதும் ஒரு காரணம்.

இந்த வாரம் நீங்கள் வெளியிட்ட புதிய போஸ்டரைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதிகாரத்தையும் கட்டுப்பாட்டையும் எதிர்த்து முரட்டு வேகத்தில் பாடும் பங்க் ராக் குழுக்களின் பெயர்கள் மேலிருந்து கீழாகப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று வரிசையாக இருக்கின்றன, மகிழ்ச்சி. எல்லாவற்றுக்கும் அடியில், பச்சை குத்தும் கடைக்கும் டாக்கோ வண்டிக்கும் நடுவில், "ஃப்ரீஸ்டைல் மோட்டோகிராஸ்" என்று ஒரு வரி, பைக்கில் தாவி ஆகாயத்தில் வித்தை காட்டும் ஆட்டம் அது. யார் ஓட்டுகிறார்கள் என்று இல்லை. எத்தனை மணிக்கு என்று இல்லை. போன வருடப் போஸ்டரும் இப்படித்தான் இருந்தது. போன வருடம் அந்தச் சனிக்கிழமை மாலை நடந்தது உங்களுக்கு நன்றாகவே தெரியும், ஆனாலும் அதே போஸ்டர்.

நான் ராம்ப், அதாவது பைக் ஏறித் தாவும் சரிவுத்தளத்தின் பக்கம் நின்றவன். சம்பளம் வாங்கும் ஆள் இல்லை, வார இறுதியில் மண் பைக் ஓட்டுகிறவன், ஓட்டுநர்களில் ஒருவர் கூப்பிட்டதால் பைக் வந்து இறங்கும் லேண்டிங் மண்ணைச் சீவிவிடவும் கொடி பிடிக்கவும் வந்தவன். அங்கிருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மூன்றரைக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம், பக்கவாட்டுக் காற்று அதிகமாக இருந்ததால் தள்ளிப்போனது. இது யார் தவறும் இல்லை. ராம்ப்பிலிருந்து லேண்டிங் வரை 75 அடி, ஏறத்தாழ 23 மீட்டர், இந்த இடைவெளியை நூறு கிலோவுக்குப் பக்கத்தில் எடையுள்ள ஒரு வண்டியோடு தாண்டுகிறவர்கள் காற்றைப் பார்த்துத்தான் தாண்டுவார்கள். காற்று அடங்கியதும் ஆட்டம் தொடங்கியது, இரண்டாவது சுற்று போய்க்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் பெரிய மேடையில் அடுத்த குழு ஏறிவிட்டது. அவர்களுடைய நேரம் அது, ஏறினார்கள். மேடையில் இருந்த உங்கள் ஆளுக்கும் ராம்ப்பில் இருந்த உங்கள் ஆளுக்கும் வாக்கி டாக்கி இருந்தது, ஆனால் வெவ்வேறு சேனல். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "சத்தம் இருந்தால் என்ன, பைக்கே சத்தம்தானே" என்று உங்கள் ஊழியர் ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். பைக் சத்தம் வேறு விஷயம் ஐயா. 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியில் ராம்ப்புக்குப் போகிறவர் மீட்டரைப் பார்ப்பதில்லை, பார்க்க மீட்டரும் கிடையாது. எஞ்சின் எந்தச் சுருதியில் இருக்கிறது என்பதுதான் அவருக்கு வேகம். சுருதி கொஞ்சம் இறங்கினால் வண்டி குறைவாகப் போய் லேண்டிங் விளிம்பில் இடிக்கும், கூடினால் சரிவைத் தாண்டிச் சமதரையில் விழும். காற்றில் இருக்கும்போதும் அப்படித்தான்: த்ராட்டிலைத் திருகினால் முன்சக்கரம் மேலே எழும், பின் பிரேக்கை மிதித்தால் கீழே இறங்கும். எஞ்சின் அணைந்துபோனால் அந்தப் பிடியும் போய்விடும். தலைகீழாக இருக்கிற மனிதருக்கு அந்தச் சத்தம் எவ்வளவு முக்கியம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் வேலிக்கு அப்பால் ஆள் உயர ஸ்பீக்கர்களிலிருந்து டிரம்ஸ் அடிக்கிறது, நெஞ்சுக்கூடு அதிர்கிறது, ஹெல்மெட்டுக்குள் வேறெதுவும் கேட்பதில்லை.

அப்போது தாவிய ஓட்டுநர்ப் பையன் லேண்டிங் விளிம்பில் இடித்தான். சத்தத்தால்தான் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் அதற்கு முந்தைய சுற்று முடிந்ததும் அவன் எங்களிடம் வந்து காதைக் காட்டித் தலையை ஆட்டியதை நான் பார்த்தேன்.

விழுந்தது கூட விளையாட்டில் உள்ளது. விழுந்த பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் பக்கம் கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது, மருத்துவ உதவிக்காரர்கள் ஓடிவந்து கழுத்துப்பட்டை போட்டார்கள், வண்டியில் ஏற்றினார்கள். வெளியே போக ஒரே வழி, அது பெரிய மேடையின் முன்னால் போகிற வழி. அங்கே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பங்க் கூட்டம் ஆடுகிற வழக்கப்படி நூற்றுக்கணக்கான பேர் வட்டமாக ஓடி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்துப்பட்டையோடு ஒரு பையன் படுத்திருக்கிற வண்டி அந்தக் கூட்டத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது, ஓட்டுநர் ஹார்ன் அடிக்கிறார், யாருக்குக் கேட்கும்? கடைசியில் வழி விட்டது யார் தெரியுமா? அந்த இளைஞர்களேதான். பச்சை முடி வைத்த ஒரு பெண் வண்டியைப் பார்த்துவிட்டுக் கையை விரித்து எல்லோரையும் பின்னால் தள்ளினாள், இன்னொருவன் மேடை விளிம்பில் ஏறிப் பாடகரிடம் சொன்னான், அவர் உடனே கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார், வண்டி போகும்வரை ஒரு நரம்பைக்கூட மீட்டவில்லை. உங்கள் அடையாள அட்டை மாட்டிய ஒருவரும் அதுவரை எதுவும் செய்யவில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான்: ராம்ப்பில் பைக் ஓடும் அந்த இருபது நிமிடம் மேடைகளை நிறுத்தி வையுங்கள். காற்றினால் அது தள்ளிப்போனால் மேடையும் அதற்கேற்பத் தள்ளிப்போகட்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே சேனலில் ஒரு பொறுப்பாளரை வையுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. 1995-இல் கெவின் லைமன் வார்ப்டு டூர் என்ற, ஊர் ஊராகப் போகும் இசை விழாவைத் தொடங்கியபோது பங்க் குழுக்களையும் ஸ்கேட்போர்டு ராம்ப்பையும் ஒரே மைதானத்தில் வைத்தார். யார் எப்போது பாடுகிறார்கள் என்பதை அன்றன்று காலையில் தீர்மானித்து ஒரு பெரிய பலகையில் எழுதிப்போடுவார்கள், குழுக்கள் அரை மணி நேரத்தில் பாடி முடித்து இறங்கும், எவ்வளவு பெரிய குழுவானாலும் மதிய வெயிலில் பாட வேண்டிவரும். காலையில் ஒரு பலகையில் அத்தனை குழுக்களின் நேரத்தையும் மாற்றி எழுத அவர்களால் முடிந்தது. கையில் செயலி வைத்திருக்கும் உங்களால் இருபது நிமிடத்தை நகர்த்த முடியாதா?

பங்க், பைக் என்ற இந்த இரண்டு கூட்டமும் ஒன்றாக வளர்ந்தவை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் இந்தக் கலிபோர்னியா மண்மேடுகளில் எடுத்த மோட்டோகிராஸ் வீடியோ கேசட்டுகளின் பின்னணியில் ஓடியது பங்க்தான். 1999-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டுப் போட்டியில் 15 வயது பைக் ஓட்டுநர் டிராவிஸ் பாஸ்ட்ரானா தங்கம் வாங்கியதோடு நிற்காமல் பைக்கோடு வளைகுடாத் தண்ணீரில் குதித்தாரே, அதைவிடப் பங்க்கான ஒரு காரியத்தை எந்த கிட்டார்க்காரர் செய்தார்? 2000-இல் இன்னொரு ஓட்டுநர் கேரி ஹார்ட் 250 சிசி வண்டியில் பின்பக்கக் குட்டிக்கரணம் போட்டுப் பார்த்து விழுந்தார், ஆறே வருடத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே பாஸ்ட்ரானா ஒரே தாவலில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு இறங்கினார். இடையில் எலும்பை உடைத்துக்கொண்டவர்களுக்குக் கணக்கில்லை. 2009-இல் கோஸ்டா ரிக்காவில் ஒரு போட்டியில் விழுந்து ஜெரமி லஸ்க் என்ற ஓட்டுநர் இறந்தே போனார். இவர்களுடைய வழியில் வந்தவர்களைத்தான் நீங்கள் டாக்கோ வண்டிக்கு மேலே ஒரு வரியில் அடக்குகிறீர்கள். டாக்கோ நன்றாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை.

பாட்டை நிறுத்தினால் விழாவின் சூடு இறங்கிவிடும் என்று உங்கள் பக்கம் சொல்வார்கள். வாஷிங்டனின் ஃபுகாஸி என்ற பங்க் குழு ஐந்து டாலர் டிக்கெட்டில் பாடிய காலத்தில், கூட்டத்தில் யாராவது அடாவடி செய்தால் அதன் பாடகர் இயன் மக்காய் பாட்டை நடுவில் நிறுத்தி, அந்த ஆளின் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார். சூடு ஒன்றும் இறங்கவில்லை. நிறுத்தாததன் விலையும் நமக்குத் தெரியும். 2021 நவம்பர் 5 அன்று ஹூஸ்டனில் நடந்த ஆஸ்ட்ரோவேர்ல்டு இசை விழாவில் கூட்ட நெரிசலை அதிகாரிகள் பேரிடராக அறிவித்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் பாட்டு ஓடியது, 10 பேர் இறந்தார்கள். உங்கள் விழாவும் அதுவும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆபத்து தெரிந்த பிறகும் பாட்டு உடனே நிற்கவில்லை என்ற அந்த ஓட்டை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இதெல்லாம் செலவு பிடிக்கும் காரியமா என்றால், அதுவும் இல்லை. விஐபி ஆட்களுக்குத் தனி நிழல் கூடாரம், தனிக் கழிப்பறை, மேடைக்கு ஒட்டி உயரமான தளம் எல்லாம் கட்ட முடிகிறது. அதிகாரத்தை எதிர்த்துப் பாடும் பாட்டைக் குளிர்ந்த பானத்தோடு உயரத்தில் உட்கார்ந்து கேட்கலாம், நல்ல ஏற்பாடு. தண்ணீர் பாட்டில் விலையைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. வண்டி நிறுத்தக் கட்டணம் பற்றி என் மனைவி தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் விழுந்தவனைக் கொண்டுபோக, கூட்டத்தைக் கடக்காத இரண்டாவது வழி ஒன்று, வேலியில் ஒரு கேட், அது மட்டும் உங்கள் வரைபடத்தில் இடம் பிடிக்கவில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். அந்தப் பையனுக்குத் தோள்பட்டை எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள், கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, திரும்ப ஓட்டுவேன் என்கிறான். அவனும் மற்ற ஓட்டுநர்களும் இந்த வருடமும் உங்களிடம் வரத் தயாராகத்தான் இருக்கிறார்கள். பாடகர்களுக்கும் இதில் மறுப்பு இருக்காது. அன்று பாட்டை நிறுத்திய குழுவினர் மாலையில் ராம்ப் பக்கம் வந்து, தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்று எங்கள் முன்னால் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். பைக் பறக்கும்போது பாட்டை நிறுத்துங்கள். அட்டவணையில் அந்த நேரத்தை ஓட்டுநர்களின் பெயரோடு போடுங்கள். போஸ்டர் ஏற்கெனவே வந்துவிட்டது, தெரியும், ஆனால் நேர அட்டவணை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அது போவதற்கு முன் ஒரு மனிதர் எழுதிய பதிலாக ஒன்றை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ராம்ப் பக்கம் கொடி பிடித்தவன்

பி.கு.: லேண்டிங் மண்ணுக்குத் தண்ணீர் லாரியை இந்த முறையாவது காலையிலேயே அனுப்புங்கள். மதியம் அனுப்பினால் சேறாகிவிடுகிறது, நாங்கள்தான் மண்வெட்டியோடு நிற்க வேண்டியிருக்கிறது.