கூடு கட்டியபின் என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டத்துக்குப் பறவைகளை வரவழைப்பது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, தண்ணீர்க் கிண்ணத்தையும் தானியத்தையும் கூட்டுப்பெட்டியையும் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. வந்த பறவை கூடு கட்டிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும், அதைவிட முக்கியமாக என்ன செய்யக் கூடாது என்பது அதில் இல்லை. நல்ல மனதோடு செய்கிற காரியங்களாலேயே பல கூடுகள் கெடுகின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

சின்னான் என்கிற கொண்டைக்குருவி இரண்டு மூன்று முட்டை இடும். ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் இன்னொரு இரண்டு வாரத்துக்குள் கூட்டைவிட்டு இறங்கிவிடும். தையல்சிட்டு, சிட்டுக்குருவி, புள்ளிப்புறா ஆகியவற்றுக்கும் சில நாள் முன்பின் இருக்குமே தவிர, கணக்கு இதுதான். ஆக, வீட்டுக்காரர் பொறுக்க வேண்டியது ஒரு மாதம், அதுவும் அந்த ஒரு செடிக்கு மட்டும்.

சிறு பறவைகள் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முட்டையாக இடும். எல்லா முட்டையும் இட்டு முடிகிற சமயத்தில்தான் முழுமூச்சாக அடைகாக்க உட்காரும். அதுவரை முட்டை சில்லென்று இருக்கும், தாயும் கண்ணில் படாது. 'கூட்டைக் கைவிட்டுவிட்டது' என்று முடிவுகட்டிக் கூட்டைக் கலைப்பவர்கள் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் கலைக்கிறார்கள்.

செடியை வெட்டிவிடக் கவாத்துக் கத்தரியை எடுக்கும் முன் செடியிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி நின்று கால் மணி நேரம் பாருங்கள். வாயில் நாரோ புழுவோ வைத்துக்கொண்டு ஒரு பறவை அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் உள்ளே கூடு இருக்கிறது. கூட்டுக்கிளையை விட்டுவிட்டு மற்றதை வெட்டுவதும் போதாது. மேலே குடையாக இருந்த இலைகள் போனால் வெயில் நேராகக் குஞ்சின்மீது விழும். காக்கை, வால்காக்கை, செம்போத்து மூன்றுக்கும் கூடு தெரிந்துவிடும். படம் எடுப்பதற்காக இலையை விலக்கிக் கட்டுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கூட்டை எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவது கடினம்தான். தாய் இல்லாத நேரத்தில், தொலைவிலிருந்து, நாளுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். குஞ்சுகளுக்கு இறகு முளைத்து மூடிய பிறகு பக்கத்திலேயே போகக் கூடாது. அந்த வயதில் பயந்தால் அவை பறக்கத் தெரியாமலே வெளியே குதித்துவிடும். திரும்பத் தூக்கி வைத்தாலும் கூட்டில் தங்காமல் மறுபடி குதிக்கும்.

தரையில் குஞ்சு கிடந்தால் அது இரண்டில் எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். கண் திறக்காமல், இறகில்லாமல் கிடந்தால் அது தவறி விழுந்தது. எடுத்துக் கூட்டில் வைத்துவிடலாம். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. கூடே பிய்ந்து போயிருந்தால், அடியில் ஓட்டை உள்ள ஒரு சிறு கூடையில் காய்ந்த புல்லைக் குழிவாக அமுக்கிக் குஞ்சை வைத்து, பழைய கூடு இருந்த கிளையிலோ அதற்கு மிக அருகிலோ நிழலில் கட்டிவிட்டு விலகிவிடுங்கள். ஓரிரு மணி நேரத்துக்குள் பெற்றோர் இரை கொண்டுவருவது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உடம்பெல்லாம் இறகு, வால் மட்டும் குட்டை, தத்தித் தத்திப் போகிறது என்றால் அது விழுந்த குஞ்சு அல்ல, கூட்டைவிட்டு இறங்கிய குஞ்சு. அதற்குத் தாய் தரையிலேயே இரை ஊட்டும். பக்கத்துப் புதரில் தூக்கி விட்டால் போதும். இதை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் 'காப்பாற்றுவது' கிட்டத்தட்டப் பிள்ளை பிடிப்பதுதான். இரண்டு வகைக்கும் பாலோ ரொட்டியோ கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. குஞ்சின் மூச்சுத் துளை நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால் ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். வீட்டில் பூனை இருந்தால் அந்தச் சில நாட்கள் அடைபட வேண்டியது பூனைதான்.

பூச்சிமருந்து பற்றியும் ஒரு வார்த்தை. தேன் குடிக்கும் தேன்சிட்டும் தானியம் கொத்தும் சிட்டுக்குருவியும் குஞ்சுக்கு ஊட்டுவது புழு, பூச்சி, சிலந்தி. விஷமில்லாத மருந்துதானே என்று தெளித்தாலும், புழு ஒழிந்தால் குஞ்சுக்கு இரை ஒழிந்தது. இலையில் நாலு ஓட்டை விழுந்தால் விழட்டும்.

தங்கூசி என்கிற தூண்டில் நரம்பு, நைலான் நூல், பட்டத்து நூல் எதையும் தோட்டத்தில் விடாதீர்கள். பறவை அதை நாரென்று எடுத்துப்போய்க் கூட்டில் வைக்கும். குஞ்சு வளர வளர நூல் காலை இறுக்கி அறுக்கும். பழங்களைக் காக்கத் தொய்வாகக் கட்டிய வலையும் இதே ஆபத்துதான். வலை அவசியமென்றால் விரல் நுழையாத சிறு கண்ணி உள்ளதாக வாங்கி விறைப்பாகக் கட்டுங்கள். கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து எதிரி என்று கொத்திக்கொண்டே இருக்கும் ஆண் பறவைக்கு, கண்ணாடியின் வெளிப்பக்கம் துணியோ தாளோ ஒட்டினால் சண்டை நிற்கும். உள்பக்கத் திரை பெரும்பாலும் பயன்படாது.

பூந்தொட்டியில் புறா முட்டையிட்டிருந்தால் செடியைக் காயவிட வேண்டியதில்லை. தொட்டியின் விளிம்போரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடலாம், அல்லது அடியில் தட்டு வைத்து அதில் ஊற்றலாம். தொட்டியை மட்டும் இடம் மாற்றாதீர்கள். காக்கை கூடு வைத்த மரத்தடியில் தலையில் கொத்து விழுந்தால் அதுவும் குஞ்சு இறங்கும் சில நாட்களுக்குத்தான். குடை பிடித்துப் போகலாம்.

கடைசியாக, கட்டுரையோடு வெளியான கூட்டுப்பெட்டிப் படத்தைப் பற்றி. வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி வைத்திருக்கிறார்கள். சிட்டுக்குருவிக்கு அது தேவையில்லை, கொள்ளையடிக்க வரும் பறவைக்குத்தான் வசதி. வாசல் துளையின் விட்டம் 32 மி.மீ. இருந்தால் போதும். படத்தில் உள்ளதுபோல் பெரிதாக்கினால் மைனா பிடித்துக்கொள்ளும். அடிப்பலகை உள்ளளவு 12 முதல் 15 செ.மீ. சதுரம், துளையின் கீழ்விளிம்பு அடியிலிருந்து குறைந்தது 12 செ.மீ. உயரம், பலகை கனம் 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மெல்லிய பலகையும் தகரமும் வெயிலில் குஞ்சை வேகவைத்துவிடும். அடியில் நாலு மூலையிலும் சிறு துளை போட்டால் ஈரம் தங்காது. உள்ளே வண்ணம் பூசக் கூடாது. தரையிலிருந்து இரண்டரை மூன்று மீட்டர் உயரத்தில், மாலை வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டும். கூரைப்பலகையைத் திறக்கும்படி அமைத்தால், குஞ்சுகள் போனபின், அடுத்த ஈட்டு முட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பழைய கூட்டை எடுத்துவிட்டுக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைக்கலாம். பேனும் உண்ணியும் அதிலேயே போய்விடும், மருந்து அடிக்க வேண்டாம்.

அந்தப் படத்தைப் பார்த்துப் பலர் பெட்டி செய்யத் தொடங்கியிருக்கக்கூடும். அடுத்த இதழிலேயே இந்த அளவுகளோடு, குச்சி இல்லாத படமாக வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்