தாயக்கட்டையும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் பத்தாம் வகுப்பு மாதிரி வினாக்களை என் பேத்தி வெட்டி வைத்துப் போட்டுப் பார்க்கிறாள். வடிவியலில் அவளுக்குப் பிரச்சினை இல்லை. பக்கத்து மனைக்கு அஸ்திவாரம் போட்ட மேஸ்திரி, மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று கயிறு பிடித்து மூலைமட்டம் பார்த்ததை நின்று கவனித்தவள். இடிப்பது நிகழ்தகவுதான். 52 சீட்டு உள்ள கட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் அது ராணியாக இருக்க வாய்ப்பு என்ன என்று கேட்கிறார்கள். சீட்டைத் தொட்டாலே திட்டு விழும் வீடு எங்களுடையது. ஒரு கட்டில் எத்தனை ராணி என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சரி என்று பரணில் கிடந்த பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் இறக்கினேன். ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. "தாயம், அதாவது மொத்தம் ஒரே புள்ளி, விழ நிகழ்தகவு என்ன, சொல்லு" என்றேன். விழக்கூடியது 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு. அதனால் ஏழில் ஒன்று என்றாள் பட்டென்று. நாலுக்கு நாலு கட்டம் போட்டு எழுதச் சொன்னேன். பதினாறு கட்டம் வந்தது. அதில் மூன்று என்ற கூட்டுத்தொகை நாலு இடத்தில் இருக்கிறது, தாயம் இரண்டே இடத்தில், இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு ஒரே இடத்தில். ஏழும் சம வாய்ப்பு இல்லை என்று நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பதினாறில் இரண்டு, சுருக்கினால் எட்டில் ஒன்று" என்றாள். அரைக்கால் என்றேன். "அரைக்கால் சட்டையா தாத்தா?" என்று சிரித்தாள். காலில் பாதி அரைக்கால், அதில் பாதி வீசம். மளிகைக்கடையில் கணக்கெழுதிய எனக்கு வாயில் புரண்ட சொற்கள். பன்னிரண்டு விழ வாய்ப்பு ஒரு வீசம் என்றதும் பின்னமும் நிகழ்தகவும் அவளுக்கு ஒரே பாடமாகிவிட்டன.

அப்புறம் அவளே கால்குலேட்டரை எடுத்தாள். பத்து முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக 0.26 வாய்ப்பு இருக்கிறதாம், கிட்டத்தட்ட நாலில் ஒன்று. காய் இறங்காமல் உட்கார்ந்து ராசியைத் திட்டிய என் அக்கா நினைவுக்கு வந்தார்.

ஆசிரியர்கள் தாயத்தில் தொடங்கிச் சீட்டுக்குப் போகலாமே. உங்கள் பக்கத்திலும் இப்படி ஒரு வினா வரட்டும். சூதாட்டம் என்று யாராவது முகம் சுளித்தால், சீட்டுக்கட்டு மட்டும் என்னவாம்?

இன்னொன்று. கணக்கில் வரும் 'சீரான பகடை' (எல்லாப் பக்கமும் சம வாய்ப்பில் விழும் பகடை) என்பதில் அந்தச் 'சீரான' எதற்கு என்று அவள் கேட்டதே இல்லை. எங்கள் கட்டை ஒன்றில் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. 160 முறை உருட்டிக் குறித்தோம். 20 தாயம் எதிர்பார்த்தோம், 26 விழுந்தது. தேய்மானம் என்கிறேன் நான், தற்செயல் என்கிறாள் அவள். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு 160 உருட்டப் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்