அது பாறையல்ல, ஆறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஐஸ்லாந்து பயணக் கட்டுரையையும் அதோடு வந்த நீலக் குகைப் படத்தையும் ரசித்தேன். இரண்டு இடங்கள் மட்டும் உறுத்தின. ஒன்று, 'பனிப்பாறைக் குகை' என்ற சொல். இன்னொன்று, 'எந்த மாதத்திலும் போகலாம்' என்ற வரி. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தவறுதான்.

பாறை என்றதும் அசையாமல் கிடப்பது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இது தன் பாரத்தாலேயே நழுவி இறங்கிக்கொண்டிருக்கும் பனி. பனியாறு என்று நல்ல சொல்லே இருக்கிறது. கோடையில் உருகும் நீர் அதற்குள் வழி குடைந்து ஓடும். குளிர் வந்து நீர்வரத்து அடங்கியதும் மிஞ்சுகிற குடைவுக்குள்தான் நாம் நுழைகிறோம். அடுத்த கோடையில் அதே நீர் அதைக் கரைத்துத் தின்றுவிடும். அதனால்தான் பெரும்பாலான குகைகளுக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் கூட்டிப்போகிற இடங்களும் சில உண்டு, சரி. அதற்காக எல்லாக் குகைக்கும் அதையே சொல்லிவிடலாமா?

ஐஸ்லாந்து நிலப்பரப்பில் சுமார் 8 சதவீதத்தை மூடிக்கிடக்கும் வாட்னயோக்குல் பனிப்பரப்பின் ஓரத்துக்கு நான் போனது ஒரு ஜனவரியில். பூட்ஸுக்கு அடியில் கிராம்பான் என்ற இரும்பு முட்களைக் கட்டிவிட்டார்கள். மாட்டுக்கு லாடம் அடித்த கதைதான். காலை அகட்டி வைத்து, பாதம் முழுதும் பதிய மிதித்து நடக்க வேண்டும். பழக்கதோஷத்தில் காலை ஒட்டி வைத்தேன். ஒரு முள் மறுகால் பேன்ட்டில் மாட்டிக் கிழித்தது. வழிகாட்டிப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, வார்களை மறுபடி இறுக்கிவிட்டார்.

குகை வாசலில் எங்களை நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். முதல் நாள் மழை பெய்திருந்தது. கூரையைக் கைக்கோடரியால் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சொட்டு விழுவதை நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்து தலையை ஆட்டினார், இன்று இது வேண்டாம் என்று. இதற்காகவா இவ்வளவு செலவு செய்தோம் என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். உண்மையைச் சொன்னால், எனக்கும் முகம் தொங்கித்தான் போனது.

வேறொரு சின்னக் குகைக்குக் கூட்டிப்போனார். குனிந்துதான் நுழைய முடிந்தது. சுவர் முழுக்கக் கறுப்புக் கோடுகள்; எப்போதோ வெடித்த எரிமலைகளின் சாம்பல் பனியோடு படிந்து அழுத்தப்பட்டது. நடுவே நீலம். அழுத்தத்தில் காற்றுக் குமிழிகள் வெளியேறி இறுகிய பனிக்கட்டி சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு நீலத்தை விட்டுவைக்கிறது. கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வழுவழுப்பு.

அந்தத் தலையாட்டலின் அருமை எனக்குப் பிறகுதான் உறைத்தது. 2024 ஆகஸ்ட் 25 அன்று, வாட்னயோக்குலிலிருந்து இறங்கும் பிரெய்தாமெர்குர்யோக்குல் பனியாற்றில், வழிகாட்டியோடு போன குழுவின் மேல் பனி இடிந்து விழுந்து ஒருவர் இறந்தார், ஒருவர் காயமடைந்தார். மாதத்தைக் கவனியுங்கள். வழிகாட்டியும் கூடத்தான் இருந்தார்.

ஆகவே, பதிவு செய்யும்போது 'நீலமாக இருக்குமா?' என்று கேட்பதைவிட, 'உள்ளே போக முடியாத நாளில் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருக்கலாம். தயங்காமல் பதில் சொல்கிறவர்களோடு போகலாம்.

அடுத்த இதழில் அந்த 'எந்த மாதத்திலும்' என்பதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். அப்படியே, அந்த நீலக் குகைப் படம் எடுத்த வருடத்தையும் போட்டுவிடுங்கள். படத்தைக் காட்டி அதே குகையைத் தேடி யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள்.

இப்படிக்கு,
பயணப் பக்கங்களை முதலில் புரட்டும் ஒரு வாசகர்